குடல் நோய் நிர்ணயத்தில் நச்சுச் சோதனைகள்

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்திருக்கும் ஊர் காரோடு. கழக்கூட்டத்திலிருந்து தெற்கே வரும் புறவழிச் சாலை கேரளத்தில் முடிவடைவது இங்கேதான். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் கொள்வினை கொடுப்பினைகளிலும் சந்தைகளிலும் பேச்சு வழக்கிலும் அது அவ்வளவு தெளிவாக இல்லை. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும் பகுதி இது.

இந்தப் பகுதியில் ஒருவருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு கண்டால் அவர் பாறசாலை அரசு மருத்துவமனைக்குப் போகலாம், நெய்யாற்றின்கரைக்கும் போகலாம். களியக்காவிளையைக் கடந்து குழித்துறைக்கோ மார்த்தாண்டத்துக்கோ செல்வோரும் உண்டு. வீட்டில் அன்று யாருக்கு ஓய்வு, எந்தப் பேருந்து முதலில் வருகிறது என்பதே பல வேளைகளில் இதைத் தீர்மானிக்கிறது. ஆக, ஒரே கிணற்று நீரைப் பருகிய இருவரின் மல மாதிரிகளில் ஒன்று திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடத்தையும், மற்றொன்று நாகர்கோவில் ஆய்வுக்கூடத்தையும் அடையக் கூடும். இரண்டும் ஒரே விடையைத் தருமா? ஒன்று ‘காலரா’ என்றும் மற்றது ‘சாதாரண வயிற்றுப்போக்கு’ என்றும் சொன்னால் எதை நம்பிக் கிணற்றை மூடுவது? ஆய்வுக்கூடச் சோதனைகளைத் தரப்படுத்துவது என்னும் வறண்ட சொற்றொடருக்குப் பின்னால் இருப்பது இந்தக் கேள்விதான்.

இது கற்பனைக் கவலை அன்று. 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரையில், பராமரிப்பு விடுதி ஒன்றில் தங்கியிருந்தோருக்கு வயிற்றுப்போக்கு பரவியது. ஒரு சிறுவனுக்குக் காலரா என்று ஆய்வுக்கூடம் உறுதி செய்தது. தொடர்ந்து வந்த நாட்களில் வேறு சிலருக்கும் உறுதியாயிற்று. அதற்குச் சற்று முன்னர் அதே விடுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வயிற்றுப்போக்கால் மாண்டிருந்தார். அவருடைய மரணத்துக்கும் காலராவே காரணம் என்ற ஐயம் வலுவாக இருந்தும், ஆய்வின் வாயிலாக அதை உறுதி செய்ய இயலவில்லை. முதல் நோயாளியின் மாதிரி உரிய நேரத்தில் எடுக்கப்பட்டு உரிய முறையில் சோதிக்கப்படாவிட்டால், நோய் வெளிப்பட்ட நாளும் வெளிப்பட்ட இடமும் ஏட்டில் ஐயக் குறியுடனேயே நிற்கும்.

ஓர் உண்மையை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். காலரா கண்ட நோயாளியைக் காப்பாற்றுவதற்கு ஆய்வுக்கூட விடை தேவையில்லை. இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடு செய்தால் போதும். 1971-இல் வங்க தேச அகதிகள் முகாமான பாங்காவோனில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் கொண்டு இதை நிரூபித்துக் காட்டினார். சோதனை தேவைப்படுவது நோயாளிக்கு அன்று, ஊருக்கு. எந்தக் கிருமி, எங்கிருந்து வந்தது, இன்னும் எத்தனை வீடுகளுக்குப் போகும் என்று அறிய வேண்டியது ஊர்தான்.

இனி, கிருமியைக் கண்டால் போதாதா, அதன் நச்சையும் ஏன் தேட வேண்டும் என்ற வினா எழுகிறது. மனிதக் குடலில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. எஷ்ரிச்சியா கோலி என்னும் இனம் ஏறக்குறைய ஒவ்வொருவர் மலத்திலும் வளரும். அவற்றில் பெரும்பாலானவை சாதுக்கள். நச்சு சுரக்கும் சில வகைகள் மட்டுமே குழந்தைகளை நீர் வற்றச் செய்கின்றன. வளர்ப்புத் தட்டில் பார்த்தால் சாதுவும் கொடியதும் ஒரே தோற்றம்தான். அவற்றைப் பிரித்துக் காட்டுவது நச்சு ஒன்றே. ஆகவே குடல் நோய்கள் பலவற்றில் கிருமியின் பெயரைச் சொல்வது பாதி விடை மட்டுமே.

இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியவர் ஓர் இந்தியர். 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை வளர்த்தெடுத்த ராபர்ட் கோக், அது ஒரு நஞ்சின் மூலமே தீங்கு செய்கிறது என்று ஊகித்தார். ஆயினும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நஞ்சை எவராலும் பிடிக்க முடியவில்லை. விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள்; விலங்குகள் மாண்டன, ஆனால் காலரா வரவில்லை. கல்கத்தாவில் பணியாற்றிய நோய்க்குறியியல் அறிஞர் சம்பு நாத் டே குடல் நோயைக் குடலுக்குள்ளேயே தேடினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு புறமும் நூலால் கட்டி, அந்த வளையத்துக்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்த வளையம் நீரால் உப்பி நின்றது. இம்முறையை அவர் 1953-இல் வெளியிட்டார். 1959-இல் மேலும் ஒரு படி சென்று, கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை மட்டும் செலுத்தி அதே விளைவைக் காட்டினார். நேச்சர் இதழில் வெளியான அக்கட்டுரை மிகச் சிறியது. அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் என். கே. தத்தாவும் அவருடைய சகாக்களும் பிறந்து சில நாட்களே ஆன முயல் குட்டிகளைக் கொண்டு இதே முடிவுக்கு வந்தனர். டே உயிரோடிருந்தவரை நாட்டில் அவருக்கு உரிய பாராட்டுக் கிடைக்கவில்லை என்பதை வருத்தத்துடன்தான் நினைவுகூர வேண்டியிருக்கிறது. 1985-இல் அவர் மறைந்தார்.

நச்சு இருப்பது நிரூபணமான அன்றே மற்றொரு சிக்கலும் தொடங்கியது எனலாம். முயல் வளையச் சோதனை எளிது; ஆனால் ஒரே நீரை இரண்டு ஆய்வுக்கூடங்கள் சோதித்தால் இரண்டு அளவுகள் வந்தன. முயலின் எடை, வயது, அது எத்தனை மணி நேரம் பட்டினி கிடந்தது, வளையம் குடலின் மேற்பகுதியிலா கீழ்ப்பகுதியிலா, நீளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் கழித்துத் திறக்கப்பட்டது என ஒவ்வொன்றும் விடையை மாற்றின. இதனால் வளையத்தில் சேர்ந்த நீரை மட்டும் சொல்லாமல், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கிடும் வழக்கம் வந்தது. அதே முயலில் ஒரு வளையத்தில் நச்சில்லாத நீரையும், வேறொன்றில் நச்சு உண்டென்று தெரிந்த நீரையும் செலுத்துவது கட்டாயமாயிற்று. முதல் வளையம் உப்பினாலோ, இரண்டாவது உப்பாவிட்டாலோ அந்த முயல் தந்த விடை முழுவதும் தள்ளுபடி. தரப்படுத்துதல் என்பதன் கரு இந்தச் சிறிய ஒழுங்கில் அடங்கியிருக்கிறது: தெரிந்த பொருள் சரியான விடையைத் தந்தால்தான் தெரியாத பொருள் தரும் விடையை நம்பலாம்.

1969-இல் ஃபின்கெல்ஸ்டீனும் லோஸ்பல்லூட்டோவும் காலரா நச்சைத் தூய புரதமாகப் பிரித்தெடுத்தனர். அதன் பின்னர் முயலின் இடத்தைப் படிப்படியாகக் கண்ணாடிக் குடுவையில் வளரும் உயிரணுக்கள் பிடித்துக்கொண்டன. எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து வந்த உயிரணுக்கள் நச்சுப் பட்டதும் உருண்டு திரள்கின்றன. சீன வெள்ளெலியின் சூலக உயிரணுக்களோ நீண்டு மெலிகின்றன. நச்சின் அமைப்பு விளங்கிய பிறகு வேதியியல் முறையும் வந்தது. காலரா நச்சில் ஒரு தாக்கும் பகுதியும், ஐந்து பற்றும் பகுதிகளும் உண்டு. பற்றும் பகுதிகள் குடல் உயிரணுவின் மேலுள்ள ஜி.எம்.1 என்னும் கொழுப்புப் பொருளைக் கவ்விக்கொள்கின்றன. தாக்கும் பகுதி உள்ளே சென்று உயிரணுவின் உப்பு மடையைத் திறந்து விடுகிறது. இந்த ஜி.எம்.1 பொருளையே பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் பூசி, நச்சைப் பிடித்து, நிற மாற்றத்தால் அளக்கும் எலைசா முறையை 1970-களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டு அறிஞர்கள் வகுத்தனர். முயலும் வேண்டாம், உயிரணு வளர்ப்பும் வேண்டாம்.

முறை நவீனமானதால் வேறுபாடு ஒழிந்துவிடவில்லை, இடம் மாறிக்கொண்டது. நிறம் எவ்வளவு அடர்ந்தால் ‘உண்டு’ என்பது? எல்லைக் கோட்டை ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் மாற்றி வைத்தால் ஒரே மாதிரி ஓரிடத்தில் நோயாகவும் மற்றோரிடத்தில் நலமாகவும் படும். எஷ்ரிச்சியா கோலியின் வெப்பம் தாங்கும் நச்சை அறியப் பச்சிளம் சுண்டெலிகளைப் பயன்படுத்திய காலத்திலும் இதே தொல்லை இருந்தது. குடலின் எடையை எஞ்சிய உடலின் எடையால் வகுத்து வரும் எண்ணைப் பார்ப்பார்கள். 0.08-க்கும் 0.09-க்கும் இடையிலுள்ள அந்த நூலிழையில்தான் ‘உண்டு’, ‘இல்லை’ என்பவை பிரிந்தன.

கிருமியை வளர்க்கும் முறையில் இன்னும் பெரிய பொறி ஒன்று ஒளிந்திருந்தது. பழைய செவ்வியல் வகைக் காலராக் கிருமி, சோதனைக் குழாயில் தாராளமாக நச்சைச் சுரக்கும். 1961-இல் தொடங்கிய ஏழாவது உலகக் கொள்ளை நோய்க்குக் காரணமான எல் டோர் வகையோ, வழக்கமான ஊடகத்தில் மிகக் குறைவாகவே சுரந்தது. நோயாளி குடம் குடமாக நீரை இழந்திருப்பார். ஆய்வுக்கூடமோ ‘நச்சு இல்லை’ என்று எழுதும். 1986-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். சோடியம் பைகார்பனேட் சேர்த்த ஊடகத்தில், 37 சென்டிகிரேடு வெப்பத்தில், முதல் 4 மணி நேரம் அசைக்காமல் வைத்து, அடுத்த 16 மணி நேரம் குலுக்கிக்கொண்டே வளர்த்தால் எல் டோர் வகையும் நச்சை வெளிப்படுத்துகிறது. கிருமி அதுவே, கருவியும் அதுவே. குலுக்கும் நேரம் மாறியது, விடை மாறியது. சமையற் குறிப்பைப் போன்ற இந்த நுணுக்கங்களை அறிக்கையில் எழுதாமல் விடுவது சிறு பிழை அன்று.

தமிழகத்துக்கு இந்தப் பாடம் நேரடியாகக் கிடைத்தது 1992-இல். அதுவரை காலராக் கொள்ளை நோய்களை உண்டாக்குவது ஓ1 என்னும் ஊநீர்ப் பிரிவு மட்டுமே என்று உலகெங்கும் கருதப்பட்டது. நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியை ஓ1 எதிர் ஊநீருடன் கலப்பார்கள். திரிந்தால் காலரா, திரியாவிட்டால் ‘காலரா அல்லாத விப்ரியோ’ என்று ஒதுக்குவார்கள். 1992 அக்டோபரில் சென்னையில் காலராவின் எல்லாக் குறிகளுடனும் நோயாளிகள் வந்தனர். அவர்களிடம் கிடைத்த கிருமி ஓ1 ஊநீருடன் திரியவில்லை. பழைய வழக்கப்படி அதை ஒதுக்கியிருக்கலாம். நோய் மதுரை, வேலூர் எனப் பரவி, விரைவிலேயே கல்கத்தாவையும் வங்க தேசத்தையும் அடைந்தது. குழந்தைகளைவிடப் பெரியவர்களே மிகுதியாகத் தாக்கப்பட்டனர். பழைய காலராவால் அவர்கள் பெற்றிருந்த எதிர்ப்பாற்றல் இதனிடம் செல்லவில்லை. கல்கத்தாவிலுள்ள தேசியக் காலரா மற்றும் குடல் நோய் நிலையத்தின் அறிஞர்கள் சோதித்தபோது இப்புதிய கிருமி காலரா நச்சை ஏராளமாகச் சுரப்பது தெரிந்தது. அப்போது தெரிந்திருந்த 138 ஊநீர்ப் பிரிவுகளில் எதிலும் அது சேரவில்லை. ஆகவே ஓ139 என்று பெயர் பெற்றது. சென்னையில் 1992-இல் எடுக்கப்பட்ட எம்.ஓ.45 என்னும் கிருமி வரிசை இப்பிரிவின் மேற்கோள் வரிசையாக உலக ஆய்வுக்கூடங்களில் பயன்பட்டு வருகிறது. மேலங்கியை நம்பியவர்கள் ஏமாந்திருப்பார்கள். நச்சைத் தேடியவர்கள் ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

இதன் மறுபுறமும் உண்டு. காயல்களிலும் கழிமுகங்களிலும் வாழும் விப்ரியோக்களில் சில ஓ1 ஊநீருடன் திரியும். ஆனால் நச்சுச் சுரக்கும் மரபணு அவற்றிடம் இராது. அந்த மரபணுவைக் கிருமிக்குள் கொண்டு சேர்ப்பது ஒரு வைரஸ் என்பதை 1996-இல் வால்டரும் மெக்கலானோஸும் கண்டறிந்தனர். வைரஸ் நுழையாத கிருமி நச்சற்றது. நெய்யாற்றின் கழிமுகம் போன்ற கடலோரப் பகுதிகளில் நீரைச் சோதிப்போர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஊநீர் திரிந்ததைக் கண்டவுடன் காலரா என்று முழங்கினால் மீன் சந்தையும் உணவு விடுதிகளும் காரணமின்றி மூடப்படும். காலராக் கட்டுப்பாட்டுக்கான உலகப் பணிக்குழு 2023-இல் வெளியிட்ட கண்காணிப்பு நெறிகள் இதற்கு இடம் கொடுத்துள்ளன. காலரா பரவியிருக்காத பகுதியில் முதல் நோயாளியை உறுதி செய்ய ஓ1 அல்லது ஓ139 என்று காட்டினால் மட்டும் போதாது. அக்கிருமி நச்சு சுரக்கும் தன்மையது என்றும் காட்ட வேண்டும். உடனடி விடை தரும் பட்டைச் சோதனைகள் மேலங்கியை மட்டுமே பார்க்கின்றன. எச்சரிக்கை மணியாக அவை மிகவும் பயன்படும். தீர்ப்பு எழுத உதவா.

மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். முறை பரவிய பிறகு, எல்லாச் சிக்கலும் தீர்ந்தது என்ற எண்ணம் ஏற்பட்டது. அது எவ்வளவு அவசரமான எண்ணம் என்பதைக் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலி என்னும் மற்றொரு குடற் கிருமி காட்டிற்று. நோய்க்கொல்லி மருந்துகளை நீண்ட நாள் உண்டவர்களின் பெருங்குடலில் இது பெருகி, இரண்டு நச்சுகளைச் சுரந்து, கடும் அழற்சியை உண்டாக்குகிறது. 1978-இல் இவ்வுண்மை நிலைபெற்றது. அக்காலத்தில், மலத்தை வடிகட்டி உயிரணு வளர்ப்பில் விட்டு, உயிரணுக்கள் அழிகின்றனவா, நச்சு முறிப்பு மருந்தைச் சேர்த்தால் அந்த அழிவு நிற்கிறதா என்று பார்த்தனர். நம்பத்தக்க முறைதான், ஆனால் இரண்டு நாட்கள் வரை காத்திருக்க வேண்டும். பின்னர் வந்த எலைசாப் பெட்டிகள் விரைவானவை; எனினும் நச்சுக் குறைவாக உள்ள நோயாளிகளைத் தவற விட்டன. பி.சி.ஆர். எவரையும் தவற விடுவதில்லை. நோயே இல்லாமல் கிருமியை வெறுமனே சுமந்து திரிபவர்களையும் அது விடுவதில்லை என்பதுதான் குறை. மரபணு இருப்பது வேறு. நச்சு சுரந்துகொண்டிருப்பது வேறு. அடுப்பங்கரையில் தீப்பெட்டி இருப்பதாலேயே வீடு எரிகிறது என்று சொல்லிவிட முடியுமா?

பிரிட்டனில் 12,000-க்கும் மேற்பட்ட மல மாதிரிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட முடிவு இதைத் தெளிவாக்கியது. நச்சே காணப்பட்ட நோயாளிகளிடையே மரண விகிதம் கூடுதலாக இருந்தது. மரபணுவுள்ள கிருமி மட்டும் காணப்பட்டவர்களிடையே அவ்வாறு இல்லை. ஆகவே ஐரோப்பிய நெறிமுறைகள் ஒரே சோதனையை நம்ப வேண்டாம் என்கின்றன. எளிதில் தவற விடாத சோதனை ஒன்றால் முதலில் சலித்து, அதில் தேறியவற்றில் மட்டும் நச்சைத் தேட வேண்டும். கெட்டியான மலத்தைச் சோதிக்கவே கூடாது என்பதும் விதி. இங்கே விடை தவறினால் பாதிக்கப்படுவது ஊரன்று, நோயாளியே. தேவையற்ற மருந்தை உண்ணும் நோயாளி ஒருபுறம். நோய்க்குக் காரணமான நோய்க்கொல்லியையே தொடர்ந்து உண்ணும் நோயாளி மறுபுறம்.

இத்தனை நுட்பங்களும் மாதிரி கெடாமல் வந்து சேர்ந்தால்தான் பயன்படும். கிளாஸ்ட்ரிடியம் நச்சு அறை வெப்பத்தில் விரைந்து சிதையும். அம்மாதிரியைக் குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். காலரா விப்ரியோவுக்கோ குளிர் ஆகாது; கேரி-பிளேர் என்னும் பாதுகாப்பு ஊடகத்தில் சாதாரண வெப்பத்தில் அனுப்பினால் நாட்கணக்கில் உயிருடன் இருக்கும். இரண்டையும் ஒரே பனிப்பெட்டியில் அடைத்து அனுப்பும் ஊழியரைக் குறை சொல்வதற்கு முன், அவருக்கு யாரேனும் இதை அவர் மொழியில் எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்க வேண்டும். எல்லைப் பகுதியில் அந்தக் குறிப்பு மலையாளத்திலும் தமிழிலும் இருப்பது நலம்.

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் நாடு தழுவியதாகத் தொடங்கப்பட்டது. 2021 முதல் நோய் அறிக்கைகள் மின்னணுத் தளத்தில் பதிவாகின்றன. திருவனந்தபுரம் மாவட்டப் பதிவும் கன்னியாகுமரி மாவட்டப் பதிவும் ஒரே தளத்தை அடைகின்றன. செய்தி போகும் பாதை ஒன்றாகிவிட்டது. செய்தியின் பொருளும் ஒன்றாக வேண்டுமானால் இரு புறத்து ஆய்வுக்கூடங்களும் ஒரே மேற்கோள் கிருமி வரிசைகளை வைத்திருக்க வேண்டும். நச்சுள்ளது ஒன்று, நச்சற்றது ஒன்று. ஒவ்வொரு நாள் சோதனையிலும் இரண்டையும் சேர்த்து நடத்தி, அவற்றின் விடையையும் ஏட்டில் எழுத வேண்டும். ‘உண்டு’ என்னும் எல்லைக் கோடு எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றுக்கு மேலாக, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மேலிடத்திலிருந்து அவ்வப்போது அனுப்பப்படும் மறைமாதிரிகளைச் சோதித்து விடை கூற வேண்டும். இதில் தவறும் ஆய்வுக்கூடத்தைத் தண்டிப்பது வழக்கமானால் எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டு விடை எழுதுவார்கள். தவறு எந்தப் படியில் நேர்ந்தது என்று சேர்ந்து தேடுவதே பயனுள்ள முறை. செலவு அதிகமில்லை. பல லட்சம் பெறும் கருவியை வாங்கிவிட்டு, அதைச் சரிபார்க்கும் சிறு குப்பியை வாங்காமல் விடுவது விந்தையான சிக்கனம்.

காரோட்டில் வயிற்றுப்போக்குடன் ஒருவர் பேருந்துக்காக நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பாறசாலைக்குப் போனாலும் குழித்துறைக்குப் போனாலும் அவருக்கு முதலில் கிடைக்க வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல். அடுத்து, நோய்க்கொல்லியின் முதல் வேளைக்கு முன்னரே மாதிரி எடுக்கப்பட வேண்டும். அதன் சீட்டில் அவர் ஊரின் பெயரோடு, அவர் குடிக்கும் நீர் கிணற்றினதா குழாயினதா என்பதும், மாதிரி எடுத்த மணியும் எழுதப்பட வேண்டும். மூன்றாம் நாள் வரும் விடையில் கிருமியின் பெயருக்கு எதிரே ‘நச்சு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று சுகாதார ஆய்வாளர் பார்த்துவிட்டுத்தான் கிணற்றை நோக்கி நடக்க வேண்டும்.